கந்தக பூமியின் மங்கும் வடுவும்

சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி ஒரு முறையும், ஆவணியின் முற்பாதியில் மற்றொரு முறையும், விருதுநகர் மாவட்டத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து நிற்கிறான். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை வடக்கே அமைந்த இந்தக் கரிசல் சீமையில், அந்நாட்களின் உச்சிப்பொழுதில் நட்டுவைத்த கம்பத்துக்கும் நிழல் விழுவதில்லை. மழை அருகி, மரம் அருகி, காற்றில் ஈரமும் அருகிக் கிடக்கும் நிலத்தின் வெயிலைச் சாபமென்று எண்ணிச் சோர்ந்துவிடாமல், அதையே மூலதனமாகக் கொண்டு தொழில் வளர்த்த பெருமை சிவகாசி ஜனங்களுக்கு உரியது. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பிய காலந்தொட்டு, தீக்குச்சி உலர்வதற்கும், பின்னாளில் பட்டாசு உலர்வதற்கும் உற்ற துணையாக நின்றது இந்த வெயிலே. ஆனால் குச்சியையும் வெடியையும் உலர்த்திக் கொடுத்த அதே வெயில், அவற்றைக் காயப்போட்டு, கிளறி, அள்ளியெடுக்கும் பெண்களின் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் ஒரு கரிய படலத்தைப் படியவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதற்கு நம் ஊர்களில் மங்கு என்று பெயர்.

மங்கு உயிரைக் கொல்லும் வியாதியன்று. வலிப்பதில்லை, அரிப்பதில்லை, வேலைக்குப் போவதைத் தடுப்பதுமில்லை. அதனாலேயே வைத்தியர்களும் குடும்பத்தாரும் அதைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனினும், பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை என்றிருக்கிற சமூகத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கன்னத்தில் படர்ந்த கருமை அவளுடைய உறக்கத்தைக் கெடுக்கும் துக்கமாகிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆண்களுக்கும் மங்கு வருகிறது. அவர்கள் வெளியே சொல்லாமல் துண்டை இழுத்து விட்டுக்கொள்கிறார்கள். இந்தத் துக்கத்தை நான் அற்பமென்று கருதவில்லை. அற்பமென்று கருதி வைத்தியம் விலகி நின்ற இடத்தில்தான், பத்து நாளில் முகத்தைப் பளபளப்பாக்குவதாகச் சொல்லும் குழாய்க் களிம்புகள் நுழைந்து, பிணியைவிடப் பெரிய சேதத்தை விளைத்துக்கொண்டிருக்கின்றன. கருமையைப் போக்கும் மருந்தைத் தேடுமுன், அக்கருமை தோலின் எந்த ஆழத்தில், எக்காரணத்தால் அமைந்தது என்பதை அறிந்துகொள்வதே சிகிச்சையின் முதற்பாகம் என்பதை இவ்வட்டாரத்து மக்களுக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தோலின் மேலடுக்கிற்கு அடித்தளமாக ஒரு வரிசை உயிரணுக்கள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று மெலனோசைட் எனப்படும் நிறமி அணு. செம்புச் சத்தைத் தன்னுள் கொண்ட டைரோசினேஸ் என்னும் நொதியின் உதவியால் அது மெலனின் என்னும் கரிய வர்ணத்தை உண்டாக்கி, சிறு சிறு பொதிகளாகக் கட்டி, தன்னைச் சூழ்ந்துள்ள அணுக்களுக்கெல்லாம் வழங்குகிறது. வாங்கிக்கொண்ட அணுக்கள் அந்தப் பொதிகளைத் தம் உட்கருவின்மேல் குடைபோல் விரித்துவைத்து, சூரிய கிரணத்தால் மரபுப் பொருள் சிதையாதபடி காத்துக்கொள்கின்றன. நார்வே நாட்டு வெள்ளையருக்கும் வெம்பக்கோட்டையில் பிறந்தவருக்கும் இந்த நிறமி அணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவை உழைக்கும் வேகத்திலும், கட்டும் பொதியின் அளவிலுமே வேறுபாடு உள்ளது. எனவே நம்முடைய கரிய நிறம் குறைபாடன்று, வெயிலுக்கு எதிராகச் சரீரம் அமைத்துக்கொண்ட பாதுகாப்பு. ஆனால் இவ்வளவு சுறுசுறுப்பான அணுக்களைப் பெற்றவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லையும் உண்டு. பரு, கொப்புளம், சிரங்கு, கொசுக்கடி, தீப்புண், உராய்வு என எது தோலைச் சீண்டினாலும், அது ஆறிய பிறகு அந்த அணுக்கள் தேவைக்கு மேல் வர்ணத்தைக் கொட்டிவிடுகின்றன. வெள்ளையர் தோலில் சில வாரம் சிவந்திருந்து மறையும் பரு, நம் தோலில் பல மாதம் கரும்புள்ளியாக நிற்பதன் காரணம் இதுவே.

கொட்டிய வர்ணம் மேலடுக்கிலேயே தங்கினால் பழுப்பாகத் தோன்றும். மேலடுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒருமுறை புதிதாவதால், மேலும் சீண்டாதிருந்தால் நாளடைவில் அது தானே உதிரும். அடித்தளம் சிதைந்து வர்ணம் கீழடுக்கில் சிந்திவிட்டாலோ, அதைத் துப்புரவு அணுக்கள் விழுங்கிச் சுமந்துகொண்டு அங்கேயே கிடக்கும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சாம்பலும் நீலமும் கலந்த சாயலாகத் தெரியும், வருஷக்கணக்கில் அகலாது. ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க பௌதிக ஆசிரியர் 1903-ஆம் ஆண்டில் அமைத்த ஒருவகை ஊதாக்கதிர் விளக்கை இருட்டறையில் முகத்தருகே பிடித்து, கருமை மேலே நிற்கிறதா கீழே இறங்கிவிட்டதா என்பதைத் தோல் மருத்துவர்கள் ஓரளவு அனுமானிக்கிறார்கள். ஒரே கடையில் ஒரே களிம்பை வாங்கிய இருவரில் ஒருவருக்குக் குணம் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாமற்போவது ராசியாலன்று, இந்த ஆழத்தாலேயே என்பதை இதனால் உணரலாம்.

காரணங்களோ பல. மங்குக்கு வெயில், கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி ஆகியவை முதன்மையானவை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் தானே மங்கிப்போவதும் உண்டு. அடுப்பனலும் உலை வெப்பமும் அதைக் கிளறிவிடும். கழுத்தைச் சுற்றி வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால், அதை அழுக்கென்று தேய்ப்பது வீண். இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அறிகுறி அது, சர்க்கரையைப் பரிசோதித்து உடம்பின் எடையைக் குறைப்பதே அதற்குப் பரிகாரம். தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் உதட்டிலோ புறங்கையிலோ வட்டமாகச் சிவந்து எரிந்து, பிறகு காசளவு கருமையாகி, மறுமுறை அதே மாத்திரையை விழுங்கும்போது அதே இடத்தில் மறுபடியும் எரியுமானால், அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் அதைத் தவிர்க்க வேண்டுமே ஒழிய, களிம்பு பூசுவதால் ஒரு பயனும் இல்லை.

நம் மாகாணத்திலேயே கண்டறியப்பட்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பேக்கர் என்பாரும் அவருடைய சகாக்களும், விரல் முட்டுகளும் உள்ளங்கை ரேகைகளும் விரல் நுனிகளும் விசேஷமாகக் கறுத்துப்போன நோயாளிகளை ஆராய்ந்து, அக்கருமை வைட்டமின் பி-12 குறைவினால் வந்தது என்றும், அந்தச் சத்தைக் கொடுத்தால் கருமை தானே மறைகிறது என்றும் 1963-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றால் கிடைக்கும் இச்சத்து, கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளும் ஏழைக் குடும்பங்களில் குறைந்துபோவது எளிது. சர்க்கரை வியாதிக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உண்பவர்க்கும், வயிற்றெரிச்சலுக்கென்று அமிலம் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் உண்பவர்க்கும் அது குறையலாம். விரல் முட்டு கறுத்து, கால் மரத்து, களைப்பும் மேலிட்டிருக்கும் ஒருவருக்கு அழகுக் களிம்பு விற்பது அபசாரம். அவருக்கு வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனையும் சில ஊசிகளுமே.

பட்டாசு ஆபீஸுகளுக்கே உரிய ஒரு கருமையும் இருக்கிறது. ஆலையை ஆபீஸ் என்று சொல்வதே இங்கு வழக்கம். மாலையில் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கைகளை உற்று நோக்கினால், நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகைகளிலும் அலுமினியப் பவுடர் வெள்ளிக் கோடிட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். காது மடலின் பின்புறத்திலும், புருவ மயிரிடையேயும் கூட அது மினுங்கும். அலுமினியப் பவுடர் தோலைக் கறுக்கச் செய்வதில்லை. ஆனால் அதைப் போக்குவதற்காக, வீடு சேர்ந்ததும் நைலான் நாரையும் துணி சோப்பையும் கொண்டு முழங்கை முதல் கழுத்து வரை சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறார்கள் பாருங்கள், அந்தத் தேய்ப்புத்தான் கருமையை உண்டாக்குகிறது. எலும்பு துருத்தும் இடங்களிலும் முதுகின் மேற்புறத்திலும் தொடர்ந்து விழும் உராய்வு, நாளடைவில் அலை அலையான கரும்பழுப்புத் திட்டாக நிலைத்துவிடும். நைலான் துண்டால் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தால் ஜப்பானிலும் இத்தகைய கருமை தோன்றியதை அந்நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க அழுக்குப் போகிறதென்று நம்பும் பெண், தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாகிறாள். தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, மென்மையான சோப்பால் கழுவுவதே போதும். கந்தகமும் வெடியுப்பும் பட்டு அரித்துச் சிவந்த தோலுக்கு இந்தத் தணிவு இன்னும் அவசியம். சொறிந்து புண்ணாக்கிய இடமெல்லாம் பின்னர்க் கருமையாகவே ஆறும்.

இனி மருந்துக்கு வருவோம். இன்று உலகெங்கும் மங்குக்கு வழங்கப்படும் முதன்மையான ஔஷதமாகிய ஹைட்ரோகுயினோன் வகையின்மேல் வைத்தியர்களின் கவனம் திரும்பியதற்குத் தொழிலாளர்களின் கைகளும் ஒரு காரணம் என்னும் வரலாறு சிவகாசிக்காரர்கள் அறியத்தக்கது. 1939-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர்களின் கைகளிலும் முன்கைகளிலும் இனம் புரியாத வெண்திட்டுகள் தோன்றின. ஆராய்ந்து பார்த்தபோது, ஆலை கொடுத்த ரப்பர் கையுறை கெட்டுப்போகாதிருப்பதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஹைட்ரோகுயினோனின் ஈதர்ப் பொருள் ஒன்றே நிறமி அணுக்களை அழித்துவிட்டதென்று ஆலிவரும் ஷ்வார்ட்ஸும் வாரனும் கண்டார்கள். காப்பதற்கென்று அணிந்த கையுறையே அத்தொழிலாளர்களின் நிறத்தைத் திருடிக்கொண்டது. அந்த ஈதர் மிகக் கொடியது, அழித்த நிறம் திரும்புவதில்லை. அதன் சாந்தமான உறவாகிய ஹைட்ரோகுயினோனோ நிறமி உற்பத்தியை மட்டும் தற்காலிகமாகத் தடுக்கிறது. பின்னர் 1975-ஆம் ஆண்டில், பிலடெல்பியாவில் கிளிக்மனும் வில்லிஸும், ஹைட்ரோகுயினோனோடு டிரெட்டினாயின் என்னும் வைட்டமின்-ஏ அமிலத்தையும், எரிச்சலைத் தணிப்பதற்காகச் சிறிதளவு ஸ்டீராய்டையும் சேர்த்து ஒரு முக்கூட்டுக் களிம்பை வெளியிட்டார்கள். தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில், இரவில் மட்டும், கருமையுள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் பூசினால், அக்கூட்டு நற்பயன் தருவதை இன்றுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

அதே 1975-ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லே என்னும் தோல் மருத்துவர், ஹைட்ரோகுயினோன் களிம்பை வருஷக்கணக்கில் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில், எந்த மருந்துக்கும் அசையாத நீலக் கருமை படர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார். அதே ஆண்டில்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் சிவப்பழகுக் களிம்பு கடைகளுக்கு வந்தது. 2020-ஆம் ஆண்டில் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அந்தக் களிம்பில் ஹைட்ரோகுயினோன் இல்லை. ஆனால் வெளுத்த முகத்துக்கே வேலையும் வரனும் வாய்க்கும் என்று நாற்பது ஆண்டுக்கு மேலாக விளம்பரங்கள் ஊட்டிய ஆசை, முக்கூட்டுக் களிம்பின் பரவலுக்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்தது. இவ்வாசையில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டி, சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகி, தென்னாட்டு வீடுகளின் சுவர்களிலெல்லாம் தொங்கிய காலண்டர் தேவியர் பலரும் ரோஜா நிறத்தவர். கலையழகில் அப்படங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். எனினும் அவற்றை அச்சிட்டு, மடித்து, கட்டுப்போட்ட கரங்களின் நிறம் அப்படங்களில் அரிதாகவே இடம்பெற்றது.

சாத்தூரில் ஒரு மருந்துக் கடையின் முன் நின்றிருந்தபோது என் காதில் விழுந்த சம்பாஷணை இது.

"அண்ணாச்சி, போன வாரம் எங்க மதினி வாங்கிட்டுப் போனாங்கள்ல, மொகத்துக்குப் போடுற டியூப்பு, அதுல ஒண்ணு குடுங்க."

"அது தீந்துபோச்சு தாயி. இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேற."

"நல்லாக் கேக்குமா அண்ணாச்சி? தை மாசம் கல்யாணம்."

"பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிரும். வெயில்ல மட்டும் அலையாத."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பத்து நாளில் முகம் வெளுக்கத்தான் செய்கிறது, ஏனெனில் அக்குழாயில் இருப்பவை ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினாயினும் மொமெட்டசோன் என்னும் வீரியமுள்ள ஸ்டீராய்டுமே. துன்பம் பிறகு வருகிறது. இரண்டு மூன்று மாதத்துக்குள் தோல் மெலிந்து, அடியில் ஓடும் இரத்த நாளங்கள் செந்நூல்போல் தெரிகின்றன, பருக்கள் வெடிக்கின்றன, பெண்களின் கன்னத்தில் பூனைமயிர் முளைக்கிறது. பயந்துபோய்க் களிம்பை நிறுத்தினால், வெயிலில் ஓரடி வைத்தாலும் முகம் தீப்பட்டதுபோல் எரிகிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசுகிறார்கள். மீண்டும் நிறுத்தும்போது பழைய மங்கு முன்னிலும் கரியதாகத் திரும்பி வருகிறது. கல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் இதை ஒரு தனி நோயாகவே வகுத்து, ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று பெயரிட்டு எழுதினார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் காகிதத்தில் நிற்கிறது. தை மாதக் கல்யாணம் கடை வாசலில் நிற்கிறது.

பெயர் தெரியாத வெளிநாட்டுக் களிம்புகளோ இன்னும் பயங்கரமானவை. அவற்றில் பலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது; அது டைரோசினேஸை முடக்கி முகத்தை வெளுக்கச் செய்துவிட்டு, தோல் வழியே இரத்தத்தில் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக வியாதியோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம் அமைந்திருந்ததைக் கண்டு சந்தேகித்த மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, அவர்களில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டார்கள். கால் வீங்கி, சிறுநீரில் நுரை தள்ளி வந்தவர்களிடம் முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்கத் தோன்றிய அந்த வைத்தியர்களின் புத்தி போற்றத்தக்கது.

அப்படியானால் கிரமமான சிகிச்சை யாது? முதலாவதும் முடிவானதும் வெயிலைத் தடுத்தல். இது நகரத்து நாகரிகமென்று எண்ணிவிடலாகாது. வெயிலைத் தடுக்காமல் பூசும் எந்த மருந்தும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே. மங்கைக் கறுக்கச் செய்வன கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே கரிய தோலைக் கறுக்கச் செய்யவல்லது என்று 2010-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் நிரூபித்தார்கள். ஆதலால் நிறமற்ற சன்ஸ்கிரீனைவிட, இரும்பு ஆக்சைடு கலந்து தோலின் நிறத்துக்கு ஒப்பச் செய்யப்பட்ட சன்ஸ்கிரீன் நமக்கு மேலானது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுத்துப் பூச வேண்டும். வியர்த்து ஒழுகும் வேலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெண் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவாள் என்ற கேள்வி நியாயமானது. அவளுக்கு நான் சொல்லக்கூடியது, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் தலையும் கன்னமும் மறையக் கட்டிக்கொள்வதும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும், ஆபீஸ் வேனில் வெயில் படாத பக்கத்து இருக்கையுமே. ஏனெனில் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி கண்ணாடியையும் ஊடுருவி வருகிறது. நெருப்பும் உராய்வும் பற்றிய பயத்தால் ஆலைக்குள் நைலான், பாலியெஸ்டர் துணியைத் தவிர்ப்பது விதி; பருத்தி அதற்கும் இசைந்தது. காயப்போடும் மேடைகளில் உச்சிவேளைக்கு முன்னும் பின்னும் வேலையை வைத்துக்கொள்வதும், ஆட்களை முறைமாற்றி அனுப்புவதும் முதலாளிகளின் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

அதன்பின் மருந்து. முக்கூட்டுக் களிம்பைத் தவிர, சாந்தமான ஔஷதங்களும் உண்டு. தேமலை உண்டாக்கும் பூஞ்சைக் காளான் தோலின் நிறத்தை ஏன் வெளிறச் செய்கிறது என்று துருவிய இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் நட்சாரோ-போர்ரோவும் பஸ்ஸியும், அக்காளான் அசெலாயிக் அமிலம் என்னும் பொருளைச் சுரக்கிறதென்று 1978-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அவ்வமிலமே இன்று மங்குக்கும் பருவுக்கும் களிம்பாக உதவுகிறது. ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினாயினும் கூடாத கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். இரத்தப்போக்கைத் தடுக்கக் கொடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம், வேறொரு தோல் நோய்க்காக அதை உண்டவரின் மங்கையும் குறைத்ததை ஜப்பானிய மருத்துவர் நிஜோ 1979-ஆம் ஆண்டில் கவனித்தார். சிறிய அளவில் அது இன்று மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் இரத்தக் கட்டி வந்தவரும், கருத்தடை மாத்திரை உண்பவரும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எதுவாயினும் எட்டு வாரத்துக்கு முன் பலனை எதிர்பார்க்கலாகாது. ஆறு மாதம் ஆனாலும் ஆகும். குறைந்த மங்கு அடுத்த கோடையில் தலைகாட்டுவதும் சகஜம். வெயிலும் பரம்பரையும் நீங்காத வரையில் மங்கு அடங்கியிருக்குமே அன்றி, அடியோடு அழிந்துவிடுவதில்லை என்ற உண்மையை முதல் நாளே நோயாளிக்குச் சொல்லிவிடும் வைத்தியரே உத்தமர். ரசாயன உரிப்பும் லேசரும் தேர்ந்தவர் கையில் சிலருக்கு உதவும். அழகு நிலையத்தில் அவசரமாகச் செய்துகொண்டால், நம் தோல் அந்தச் சூட்டுக்கே மேலும் கறுத்துவிடும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போவது தீப்புண்ணுக்கு நிகரான கொப்புளத்தை உண்டாக்கலாம்.

கடைசியாக, இந்தப் பட்டாசு வட்டாரத்தில் மற்றெல்லாவற்றையும்விடக் கவனமாகப் பேச வேண்டிய கருமை ஒன்று உள்ளது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நிகழ்ந்ததும் செய்தித்தாள்களில் இறந்தோரின் தொகையாக நின்றுவிட்டன. பிழைத்தவர்களின் முகமும் கையும் அத்தொகையில் சேர்வதில்லை. தீப்பட்ட தோல் ஆறும்போது ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும், தடித்தும் சுருங்கியும் நிற்கிறது; அந்தக் கருமையில் கணிசமான பாகம் முதல் ஒரு வருஷம் வெயில் படாமல் மூடி வைப்பதால் தவிர்க்கக்கூடியது. தீப்பட்டவுடன் பேனா மை, பற்பசை, மாவு, மஞ்சள் என்று அப்பும் வழக்கத்தை விட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்டினால் காயத்தின் ஆழமே குறைகிறது. ஆழம் குறைந்தால் வடுவும் கருமையும் குறைகின்றன.

நெருப்போடு கூடவே, வெடித்த மருந்தின் எரியாத துகள்கள் தோட்டாபோல் பாய்ந்து கன்னத்திலும் நெற்றியிலும் கீழடுக்கு வரை புதைந்துவிடுவதுண்டு. புண் ஆறிய பின் அவை பச்சை குத்தியதுபோல் நீலக் கரும்புள்ளிகளாக ஆயுள் முழுவதும் நிற்கும். தீபாவளியன்று கையில் வெடி வெடித்த சிறுவர்களின் முகத்திலும் இவற்றைக் காணலாம். இது மெலனின் அன்று. புதைந்த கரியும் உலோகமும். ஆகவே ஹைட்ரோகுயினோனோ, அசெலாயிக் அமிலமோ, மஞ்சளோ, சந்தனமோ இதன்மேல் எள்ளளவும் வேலை செய்யா. இதற்குச் சிறந்த சிகிச்சைக் காலம் ஒன்றே ஒன்று: விபத்து நடந்த முதல் நாள், தவறினால் இரண்டாம் மூன்றாம் நாள். மயக்க மருந்து கொடுத்து, கிருமி நீக்கிய மென்தூரிகையாலும் ஊசி முனையாலும் அத்துகள்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தும் கெல்லியும் எடுத்துவிட்டால் முகம் பிழைக்கும். உயிரைக் காப்பதில் முனைந்திருக்கும் அந்த நேரத்தில் புள்ளிகளை யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான வாதமே. ஆனால் உயிருக்கு அபாயமற்ற சிறு காயத்தோடு வருபவரையும் கட்டுப்போட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அவர் அந்தப் புள்ளிகளை ஐம்பது வருஷம் சுமக்கிறார். உடன் வந்திருக்கும் உறவினராவது, மருந்துத் துகள் புதைந்திருக்கிறதே, அதை இப்போதே எடுக்க முடியுமா என்று கேட்டுவிட வேண்டும்.

நாள் கடந்தவர்களுக்கு லேசர் உதவுகிறது. பச்சை குத்தியதை அழிக்கும் அதே லேசர்தான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டாசுத் துகள் புதைந்த ஒருவரின் தோலில் லேசரைச் செலுத்தியபோது, உள்ளே கிடந்த எரியாத வெடிமருந்து பற்றிக்கொண்டு தோலுக்குள்ளேயே சிறு சிறு வெடிப்புகளாகச் சிதறி, அம்மைத் தழும்பு போன்ற குழிகளை விட்டுச்சென்றதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1998-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். புண் ஆறிய பின்னும் அந்தத் துகள் உயிரோடிருந்தது. எனவே லேசர் செய்துகொள்ளப் போகிறவர், இது பருவின் தழும்பன்று, வெடியில் பட்டது என்பதையும், எந்த ரக வெடி என்பதையும் மருத்துவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். மருத்துவரும் முகம் முழுவதும் செய்யாமல், காதோரம் மறைவான ஒரே புள்ளியில் முதலில் சோதித்துப் பார்த்து, குழி விழுமானால் லேசரை விட்டுக் கத்தியால் அத்துகளைத் தோண்டியெடுப்பதே மேல். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது; விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டு, பழைய நாட்களில் மதுரைக்குப் பஸ் ஏறிய நோயாளிகளுக்கு வழி குறைந்திருக்கிறது. முகத்தில் நீலப்புள்ளியோடு இருப்பவர் களிம்புக் கடைக்குப் போகாமல் அங்குள்ள தோல் மருத்துவப் பிரிவுக்குப் போகட்டும். போகும்போது, இதுவரை பூசிய குழாய்களையும் விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகட்டும்.